சம்பந்தி வீட்டு டிகான்டர்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. லஸ் பக்கம், ஓர் ஆம்லெட் வண்டிக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அறுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை!

உடனே புருவத்தைத் தூக்காதீர்கள். சாப்பிடப் போகவில்லை. விஷயம் அதைவிட மோசம்.

வண்டிக்காரர் கல்லில் வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "இன்னாமா வோணும்? ஆம்லெட்டா, ஆஃப் பாயிலா?"

"ஓடு" என்றேன்.

"இன்னாது?"

"முட்டை ஓடு. வெறும் ஓடு மட்டும். ஒரு பத்து முட்டையோடது கிடைக்குமா?"

கரண்டி நின்றது. என் மூக்குத்தியைப் பார்த்தார். கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார். "ரோஜா செடிக்காமா?"

"இல்லப்பா. கண்ணாடிப் பாத்திரம் கழுவ."

"அப்போ முட்டைய எனுக்கு உட்டுட்டு ஓட்ட நீ எத்துக்கினு போறே. நல்லாக்கீதே டீலு!" என்று சிரித்துவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்த வாளியிலிருந்து ஓடுகளை அள்ளி ஒரு பேப்பரில் கட்ட ஆரம்பித்தார். நல்ல மனுஷர். அந்த நேரம் பார்த்தா பின்னாலிருந்து அந்தக் குரல் வர வேண்டும்?

"யாரு... நீங்களா மாமி?"

எங்கள் சகஸ்ரநாம குரூப் விஜயா. என்னைப் பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த முட்டைகளைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க நிதானமா சாப்டுட்டு வாங்கோ. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் குரூப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இந்தக் கதிக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு டிகான்டர். அதாவது, ஒயினை ஊற்றி மேஜைமேல் வைக்கிற கண்ணாடிக் குடுவை. எங்கள் வீட்டில் ஒயின் குடுவைக்கு என்ன வேலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் பெண் நித்யா போன வருஷம் கல்யாணம் செய்துகொண்டது சாந்தோம் பையனை. பெயர் டேவிட். மயிலாப்பூரில் எங்கள் தெருவிலிருந்து சாந்தோமில் அவர்கள் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம். அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் மூன்று வருஷம் பிடித்தது! ஆனால் கடந்த பிறகு, ஏன் இத்தனை நாள் எடுத்துக்கொண்டோம் என்று எங்களுக்கே புரியவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள்.

சம்பந்தியம்மாள் ஸ்டெல்லா டீச்சர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் அவர் எதிரில் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன். அவர் கணவர் லாரன்ஸ் சார் அதிகம் பேச மாட்டார். சிரித்தால்கூட உதட்டைப் பிரிக்காமல்தான் சிரிப்பார். கூச்ச சுபாவம்.

கல்யாணத்துக்கு அப்புறம் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு டப்பா நிறைய, கல்கல் என்கிற கிறிஸ்துமஸ் பலகாரம். எங்களுக்கென்று முட்டை போடாமல் செய்த பிளம் கேக். கூடவே இந்த டிகான்டரில், அவர்கள் வீட்டில் போட்ட திராட்சை ஒயின்.

"மருந்து மாதிரி மாமி. ஆளுக்கு ஒரு ஸ்பூன்" என்றார் டீச்சர். அந்தக் குடுவை அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசாம். ஒவ்வொரு கல்யாண நாளன்றும் அதில்தான் ஒயின் ஊற்றி வைப்பார்களாம்.

"அதையா எங்களுக்குக் கொடுத்து விடறேள்?" என்று பதறினேன்.

"பின்ன? உங்களுக்குப் போய் பிளாஸ்டிக் பாட்டில்லயா தர்றது?"

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

அன்றைக்கே ஆளுக்கு ஒரு ஸ்பூன் சாப்பிட்டோம். என் கணவர், அதாவது இந்தப் பக்கத்தில் வாராவாரம் 'இவர்' என்று அடிபடுகிறவர், "கஷாயம் மாதிரின்னா இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். உடனே, "ருசி சரியாத் தெரியலை" என்று இன்னொரு ஸ்பூன் கேட்டார். அதோடு சரி. மிச்சத்தை என்ன செய்வது? குடிக்கவும் முடியாது. ஆசையாகக் கொடுத்ததைக் கொட்டவும் மனசு வராது. பூஜை அலமாரி பக்கம் வைக்கக் கூடாது என்றார் இவர். ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றேன் நான். கடைசியில் டிகான்டர் பீரோவின் அடித்தட்டில், கம்பளிச் சால்வைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். தள்ளிப்போட்டேன்.

நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்த வீட்டிலிருந்து ஏதாவது வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நாலு மைசூர்பாகு வந்த டப்பாவில் நாலு முறுக்காவது போக வேண்டும். சரி, முறுக்கு எப்போது சுற்றுவோம்? கிருஷ்ண ஜயந்திக்கு. அதுவரைக்கும் டப்பா? நம் வீட்டில்தான்! எந்த வீட்டுச் சமையலறையை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். மூன்று டப்பாக்கள் நிச்சயம் அந்த வீட்டுடையது இல்லை. மூடி நாலாவது வீட்டுடையது. இதற்கெல்லாம் காரணம் திருட்டுப் புத்தி இல்லை. மரியாதை!

அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

ஜனவரியில் ஸ்டெல்லா டீச்சருக்குக் காய்ச்சல். சும்மா இருப்பேனா? மிளகு ரசம் வைத்து, அதை ஈயச் சொம்போடு இவரிடம் கொடுத்து ஸ்கூட்டரில் அனுப்பினேன். என் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த சொம்பு. முப்பத்தேழு வருஷமாக அதில்தான் எங்கள் வீட்டு ரசம்.

மறுநாள் காலை போன் செய்தேன். "பிரமாதம் மாமி. இப்பதான் மிச்சத்தை..." என்று ஆரம்பித்தார். நான் பேச ஆரம்பித்தால் அடுத்தவரை முடிக்க விடமாட்டேன், உங்களுக்குத்தான் தெரியுமே. பத்து நிமிஷம் பேசியிருப்பேன். போகிற போக்கில் நம் சட்டத்தையும் எடுத்துவிட்டேன்.

"பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரப்படாது டீச்சர், தெரியுமோ? நானும் உங்க பாட்டிலை வெறுமனே தரமாட்டேன்!"

"ஐயோ!" என்றார் டீச்சர். லைன் கட் ஆகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "அடுப்புல வேலையா இருந்தேன் மாமி" என்றார். குரல் சரியில்லை. அன்று ராத்திரி முழுக்க நான் பேசியதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதற்கு அந்த 'ஐயோ'?

பாட்டில்! அவர்கள் கல்யாணப் பரிசை, பிளாஸ்டிக் வேண்டாம் என்று ஆசையாகக் கொடுத்ததை, வாய் கூசாமல் பாட்டில் என்று சொல்லியிருக்கிறேன்!

அதற்கப்புறம் ஸ்டெல்லா டீச்சர் மாறித்தான் போனார். போனில் இரண்டே வார்த்தை. நான் அங்கே வருகிறேன் என்றால் சர்ச்சில் வேலை இருக்கிறது என்பார். "ரசம் அனுப்பட்டுமா?" என்று கேட்டால் போதும். "வேணாம் மாமி! வேணவே வேணாம்!" என்று அலறாத குறை. ஏழு மாசம் இப்படியே போயிற்று. ஒருநாள் நித்யா கேட்டேவிட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னம்மா ஆச்சு? உன் பேரை எடுத்தா அத்தை எழுந்து உள்ள போயிடறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷம் எடுத்துக் கடந்த தூரத்தை ஒரே வார்த்தையில் நான் திரும்ப நடந்துவிட்டேனா? நடுவில் நிற்பது என் பெண் இல்லையா?

போன திங்கட்கிழமை டீச்சரே கூப்பிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க கல்யாண நாள் மாமி. முப்பத்தஞ்சாவது. ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். அப்புறம்... அந்த டிகான்டர்..."

"கொண்டு வரேன்!" என்றேன், அவர் முடிப்பதற்குள். அதைப் பளிச்சென்று அவர் கையில் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

பீரோவைத் திறந்தேன். நல்ல வெயில் காலத்தை உள்ளேயே கழித்த ஒயின் பாதி வற்றி, மீதி வினிகர் ஆகியிருந்தது. உட்சுவரெல்லாம் ஊதாத் திட்டு. அடியில் கறுத்துப்போன ஒரு வளையம்.

சிங்க்கில் கொட்டும்போது, வீட்டு வேலைக்கு வரும் செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாமா இது வாட? ஐயா ஸ்டார்ட் பண்ட்டாரா?"

விஷயத்தைச் சொன்னேன். குடுவையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீளமான ஒல்லிக் கழுத்து, சமையல் கான்ட்ராக்டர் மாதிரி வயிறு. "கையும் உள்ள போவாது, பிரஷ்ஷும் போவாது. பேசாம ஒட்ச்சுட்டு புச்சு வாங்கிக் குட்த்துடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

முதலில் கல் உப்பும் அரிசியும் போட்டுக் குலுக்கினேன். அசையவில்லை. புளித் தண்ணீரை ஊற வைத்தேன். புளி வீண். சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு மேலே வந்து மேஜை விரிப்பு சுத்தமானது. பாத்ரூம் பக்கம் போய் ஆசிட்டை எடுத்தேன். இவர் குறுக்கே விழுந்தார். "ஏண்டி, அதுல அவா ஒயின் குடிக்கணும்டி! சம்பந்தியை ஒரேயடியா அனுப்பிடறதா உத்தேசமா?"

அப்புறம்தான் செல்போனில் யாரோ ஒரு பெண்மணி, முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டுக் குலுக்கினால் பாட்டில் பளபளக்கும் என்று காட்டினாள். ஆம்லெட் வண்டி... விஜயா... மீதி உங்களுக்குத் தெரியும்.

ஓடு வீட்டுக்குள் வந்ததும் இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். "ஆத்துக்குள்ள முட்டையும் வந்தாச்சு. இன்னும் என்னென்ன பாக்கி?" என்று அங்கிருந்தே கேட்டார். நான் காதில் வாங்காமல் ஒரு மணி நேரம் குலுக்கினேன். தோள்பட்டை கழன்றது. சும்மா சொல்லக் கூடாது, சுவரிலிருந்த ஊதாத் திட்டெல்லாம் போய்விட்டது. அடியிலிருந்த வளையம் மட்டும் போகவில்லை. புதன்கிழமை மறுபடியும் குலுக்கினேன். ஊஹூம்.

இந்த இடத்தில் ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்ல வேண்டும். இவருக்கு முன்வரிசையில் நாலு பற்கள் சொந்தம் இல்லை. கழற்றி மாட்டுகிற செட். பெற்ற பெண்ணுக்குக்கூட ரொம்ப நாள் தெரியாது. அதிலும் கல்யாண ரிசப்ஷனில் லாரன்ஸ் சார் அதிசயமாக வாயைத் திறந்து, "இந்த வயசுலயும் சாருக்குப் பல்லு முத்து மாதிரி இருக்கே" என்று சொன்னாரா... அன்றிலிருந்து இவர் சம்பந்திகள் எதிரில் கரும்பைத் தவிர எல்லாவற்றையும் கடித்துக் காட்டுவார். (இதை எழுத அனுமதி வாங்கிவிட்டேன். எப்படிக் கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

அந்தச் செட்டைத் தினமும் ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கூடவே ஒரு மாத்திரையையும் போடுவார். புஸ்ஸென்று பொங்கும். ஒரு நாளைக்கு நாலு வேளை டிகிரி காபி குடிக்கிறவரின் பல்லில் மறுநாள் ஒரு பொட்டுக் கறை இருக்காது.

வியாழக்கிழமை காலை பல் விளக்கப் போன நான் அந்த டம்ளரைப் பார்த்தேன். அப்படியே திரும்பி இவரைப் பார்த்தேன். முப்பத்தேழு வருஷப் பழக்கம் இல்லையா, உடனே புரிந்துகொண்டார்.

"வேண்டாம்" என்றார்.

"ரெண்டே ரெண்டு மாத்திரை."

"கறை எப்படிப் போச்சுன்னு அவா கேட்டா?"

"புளின்னு சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெந்நீர் ஊற்றி, இரண்டு மாத்திரை போட்டேன். பொங்கி அடங்கியது. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், அந்த வளையம் பாலாடை மாதிரி உரிந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது! பத்து தடவை கழுவினேன். முட்டைக்காக ஐந்து, பல்லுக்காக ஐந்து. துடைத்து ஜன்னலோரம் வைத்தபோது, அங்கே கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"ஐய, எப்டி மின்னுது! இன்னா போட்டே?" என்றாள் செல்வி.

"புளி" என்றேன். ஒத்திகை பார்த்த மாதிரியும் ஆயிற்று.

"எங்கூட்ல இல்லாத புளியா?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெறுமனே கொடுக்கக் கூடாதே! சாயம் ஒட்டாத, கழுத்துக்குள் நுழையக்கூடிய, கல்யாண நாளுக்கு ஏற்ற பொருள் எது? டைமண்ட் கல்கண்டு. வடக்கு மாட வீதியில் வாங்கி, பேப்பரைப் புனல் மாதிரி சுருட்டி நிரப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டோ. டிகான்டர் என் மடியில்.

கதவைத் திறந்த ஸ்டெல்லா டீச்சர் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. குடுவையை நீட்டினேன். வாங்கி, கல்கண்டை ஒரு தட்டில் கவிழ்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். கண் விரிந்தது.

"அடியில இருந்த வளையம் எங்க மாமி?"

"என்ன வளையம்?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"அது ரொம்ப வருஷமா இருக்குதே. நானும் என்னென்னவோ போட்டுப் பார்த்தேன், போகவே இல்லை. எப்படி எடுத்தீங்க?"

அடக் கடவுளே! என் தோளைக் கழற்றிய அந்தக் கறை அவர்கள் வீட்டுக் கறையா? இவர் அவசரமாகச் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். நான் 'பு' என்று வாயைக் குவித்தேன்.

அதற்குள் டீச்சர் அழுதுவிட்டார்.

"நான் குடுத்ததை நீங்க இப்படி வச்சிருந்து கொண்டாந்திருக்கீங்க. நீங்க குடுத்ததை நான்..." என்றவர், விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே வெள்ளையாக, கோணலாக, ஒரு உலோகக் கட்டி.

"உங்க சொம்பு மாமி."

அந்தக் கட்டியைக் கையில் வாங்கினேன்.

"கொஞ்சூண்டு ரசம் மிச்சம் இருந்துச்சு. சூடு பண்ணலாம்னு அப்படியே அடுப்புல வச்சேன். போன் வந்துச்சு. பேசினது நீங்கதான். அதுல ரசம் வத்தினதை நான் கவனிக்கலை. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரப்படாதுன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருக்கீங்க... என் கண்ணு முன்னாடி சொம்பு அப்படியே சரிஞ்சு பர்னர் மேல ஒழுகுது!"

அந்த 'ஐயோ' இதற்குத்தானா!

"தி.நகர் பூரா அலைஞ்சு புதுசு ஒண்ணு வாங்கினேன். உங்கம்மா குடுத்த சொம்புன்னு நித்யா சொன்னா. புதுசைக் குடுத்து உங்களை ஏமாத்த மனசு வரலை. ஏதாவது போட்டுத் தரலாம்னாலும்... பாத்திரமே இல்லையே மாமி, எதுல போட்டுத் தர்றது?"

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். அம்மாவின் சொம்பு ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு என் உள்ளங்கையில் கிடந்தது. ஈயம் உருகும், வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தனுப்பியது நான்தான். அது தெரிந்தும், கட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மாசமாக ஓயாமல் பேசத் தவித்த வாய், பேச வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. டீச்சரின் முகம் இன்னும் வாடிப்போனது. நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அப்போது காலண்டர் பக்கமிருந்து ஒரு செருமல்.

"டீச்சர், அந்த வளையம் எப்படிப் போச்சுன்னு கேட்டேளே" என்றார் இவர். "இவ புளின்னு சொல்லுவா, நம்பாதீங்கோ. பல்செட் மாத்திரை. என்னோடது." விரலால் முன்பல்லை டொக் டொக்கென்று தட்டிக் காட்டினார். "இந்த நாலும் டூப்ளிகேட். உங்காத்து ரிசப்ஷன்லேர்ந்து மறைச்சுண்டு இருக்கேன். நீங்க ஒரு சொம்பைத்தானே மறைச்சேள்?"

டீச்சர் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும். டீச்சரைக் கட்டிக்கொண்டேன். "பாட்டில்னு சொல்லிட்டேன் டீச்சர், மன்னிச்சுடுங்கோ" என்றேன். எந்தப் பாட்டில் என்று அவருக்குப் புரியவே இல்லை. காலண்டர் அருகில் அசடு வழிய நின்றவரை அன்றைக்குப் பிடித்த அளவுக்கு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ஊரறிய எழுத அனுமதி கேட்டபோதும், "இனிமே யார்கிட்ட மறைக்கணும்? எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் லாரன்ஸ் சார் இவரை மெதுவாகப் பால்கனிக்கு ஓரங்கட்டினார். "சார், அந்த மாத்திரை எந்தக் கடையில கிடைக்கும்?"

"டிகான்டருக்கா? அதான் சுத்தமாயிடுத்தே!"

லாரன்ஸ் சார் உதட்டைப் பிரிக்காமல் சிரித்தாராம்.

அந்த ஈயக் கட்டி இப்போது என் மேஜைமேல், மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்று டேவிட் வந்து அந்தப் புது ஈயச் சொம்பைக் கொடுத்துவிட்டுப் போனான். சம்பந்தியம்மாள் சட்டத்தை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார். சொம்பு வெறுமனே வரவில்லை. உள்ளே, திராட்சை ஒயின்!

இந்தத் தடவை கறை பிடிக்கிற அளவுக்கு விடக் கூடாது, இந்த வாரமே காலி செய்தாக வேண்டும் என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்பூன் வேண்டாமாம். டம்ளர் போதுமாம்.